எல்லோரும் யோசித்துவிட்டார்கள்

இயற்பியல் மாணவன் மின்விசிறியைக் கழற்ற எவ்வளவு விசை தேவை என்று கணக்குப் போட்டிருந்தான். வணிகவியல் மாணவி, கழற்றியதை விற்றால் வரும் லாபத்துக்கு அட்டவணையே வரைந்துவிட்டாள். இலக்கிய மாணவன் மின்விசிறிக்குப் பிரியாவிடைக் கவிதை எழுதியிருந்தான்.

கேள்வி இதுதான்: ‘மின்விசிறி ஓடினால் வகுப்பில் தூக்கம் வருகிறது. ஆகவே எல்லா மின்விசிறிகளையும் கழற்றிவிடலாம். இந்த முடிவு சரியா?’

சரியில்லை என்று ஒரு பிள்ளைகூட எழுதவில்லை.

விரிவுரையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். எதற்கெடுத்தாலும் ‘ஏன்?’ என்று கேட்கச் சொல்லிக் கழுத்தறுப்பதால் கல்லூரியில் அவருக்கு ‘ஏன் சார்’ என்று பெயர். ஏழு வருடமாகத் தற்காலிகம். கல்லூரிக்கு விடுமுறை விட்டால் அவருடைய சம்பளத்துக்கும் விடுமுறை. வயிற்றெரிச்சல்தான்.

இந்த வருடம் கல்லூரி முதல்வர் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “எல்லாத் துறைப் பசங்களுக்கும் சுயமா யோசிக்கத் தெரியுதான்னு ஒரு தேர்வு வைங்க. நீங்க நிரந்தரமாகிறது அந்த முடிவைப் பொறுத்துத்தான் இருக்கு.”

“முடிவு எப்படி வரணுமாம்? கேட்டீங்களா?” என்றாள் மனைவி.

“முதல்வர்கிட்டப் போய்க் கேள்வி கேக்கச் சொல்றியா? நல்லா வரணும், அவ்வளவுதான். இதைக்கூடவா கேட்டுத் தெரிஞ்சுக்கணும்?”

“அது சரி” என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

மின்விசிறி விடைத்தாள்களைத் திருத்திய மறுநாளே எல்லாத் துறைகளையும் அரங்கத்தில் உட்கார வைத்துச் சிறப்பு வகுப்பு எடுத்தார்.

“எதையும் அப்படியே நம்பாதீங்க. நான் சொல்றதைக்கூட நம்பாதீங்க!”

அரங்கமே தலையைக் குனிந்து அதை எழுதிக்கொண்டது.

இரண்டாம் தேர்வில் அதே கேள்விக்கு அத்தனை விடைத்தாளிலும் ஒரே வரி: ‘எதையும் அப்படியே நம்பக் கூடாது என்று சார் சொன்னதால் நம்பவில்லை.’

அவருக்கு அழுகை வந்தது. மறுபடி அரங்கம். இந்த முறை ஒரு மாணவி எழுந்தாள்.

“சார், சுயமா யோசிச்சது எத்தனை வரி வரணும்?”

“உனக்குத் தோணுறதை எழுதும்மா.”

“எங்களுக்கு என்ன தோணணும்னு நீங்களே சொல்லிடுங்க சார். வேற பரீட்சையும் இருக்கு.”

அரங்கம் கைதட்டியது. அவர் தோற்றுப்போனார். மறுப்புகளை அவரே ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் எழுதினார்கள்.

மூன்றாம் தேர்வில் எல்லோரும் அவற்றைப் பிசகாமல் ஒப்பித்திருந்தார்கள். பொருளாதாரத் துறை மட்டும், அவர் நடுவில் சொன்ன ‘அடுத்த பத்தி’, ‘பின்னால யாரு பேசுறது’ என்பதையும் சேர்த்து எழுதியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு முழு மதிப்பெண் போட்டார். பேனா கனத்தது, ஆனாலும் ‘எல்லோருக்கும் சுயமாக யோசிக்கத் தெரிகிறது’ என்ற அறிக்கையில் கையெழுத்திட்டார்.

அறிக்கையைப் படித்த முதல்வர், ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து நின்று கைகுலுக்கினார். ‘ஏன் சார்’ உடனே தன் வீட்டுக்குப் போன் செய்து, “முடிஞ்சுது! இனிமே நாம யாருக்கும் பயப்பட வேண்டாம்” என்றார்.

நேராக அலுவலகத்துக்குப் போனார்.

“என்னோட நிரந்தர ஆணை தயாரா?”

எழுத்தர் கணினியிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பசங்களுக்கு யோசிக்கத் தெரியலைன்னு வந்திருந்தா, சொல்லிக்கொடுக்க உங்களை நிரந்தரமாக்குறதா இருந்தாங்க சார், அதான் எல்லாரும் பிரமாதமா யோசிக்கிறாங்கன்னு நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்களே, இனிமே நீங்க எதுக்கு?”