மூன்றாவது ஆளுக்கு ஆர்டர் இல்லை

ஊரடங்கை எதிர்த்தவர்கள் நாட்டில் உண்டு, அடங்கிப்போனவர்களும் உண்டு. இரண்டையும் ஒரே காலை நேரத்தில் செய்து முடித்தவர், எனக்குத் தெரிந்து, திருத்தணி தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் ‘ஆர்டர் எங்க’ ஒருவர்தான். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். யாரும் கேட்டதில்லை.

கொரோனா வந்த முதல் வருஷம், அவர் வீட்டை அடைக்க நகராட்சியிலிருந்து தகரமும் கட்டையுமாக நாலு பேர் வந்து நின்றார்கள்.

“ஆர்டர் எங்க?”

“வாய்ல சொல்லி அனுப்சாங்க சார்.”

“அப்ப வாய அடச்சிக்க. வூட்ட அடைக்கணும்னா கையெழுத்து வாங்கினு வா.”

தகரம் திரும்பிப் போனது. தெருவே கைதட்டியது. அவரோ உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டவர், பதினாலு நாள் தலைகாட்டவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலோரம் நின்று, “அதான் தொரத்திட்டியே, இன்னாத்துக்கு உள்ளயே குந்திகினு கீற?” என்றார்.

“அவங்க செஞ்சது தப்பு. ஆனா எங்கிட்ட மனு எழுதுன ஆளுக்குக் கொரோனா வந்தது நெசம்தானே?”

கடையில் உட்கார்ந்து டீ குடிக்கத் தடை என்றதும் நடந்துகொண்டே குடித்தார். டம்ளரைக் கேட்டு மாஸ்டர் பின்னாலேயே ரயில்வே கேட் வரை ஓடினார்.

அந்தச் சமயத்தில்தான் என் மூளையில் அந்த யோசனை உதித்தது. கல்லூரியை மூடிவிட்டதால் வீட்டில் சும்மா இருந்தேன். அக்கா ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம், நகரியில், நிறைமாதம். அவள் வீட்டுக்காரர், எங்கள் பாவா, லாரியோடு நாக்பூரில் மாட்டிக்கொண்டிருந்தார். அக்காவை அழைத்துவர நான் போட்ட இ-பாஸ் விண்ணப்பம் மூன்று முறை தள்ளுபடி. மூன்றாவது முறை தள்ளிய அன்று வாட்ஸப்பில் ஒன்று வந்தது: பயணக் கட்டுப்பாடு வெறும் அறிவுரை, தனிமனிதரைச் சட்டப்படி கட்டாது! துள்ளிக் குதித்தேன். ஆட்டோ எடுக்க வேண்டியது, சோதனைச் சாவடியில் சட்டம் பேச வேண்டியது, அக்காவோடு வர வேண்டியது. ஒரு உறுதிக்காக அவரிடம் ஓடினேன்.

போனை எட்ட வைத்துப் படித்தார். “நைனா, இதுல ரோசாப்பூ கீது, கும்புடுற கை கீது. கையெழுத்து எங்க?”

“அப்ப நம்மள கட்டுமா ண்ணா?”

“ஆங், நல்லா கட்டும். மீறினா கேஸு. வண்டியும் போயிடும்.”

என் முகம் போன போக்கைப் பார்த்தாரோ என்னவோ, பையிலிருந்து ஒரு கற்றையை உருவினார். அரசாணை, முழுசாக. புரட்டிப் புரட்டி ஓர் இடத்தில் விரலை ஊன்றினார். பேறுகாலத்துக்கும் மருத்துவ அவசரத்துக்கும் விலக்கு என்று இருந்தது.

“இந்தப் பேப்பர் உன்ன கட்டுதில்ல? சாவடியில நிக்கிறவரையும் கட்டும். அக்கா ஆஸ்பத்திரி சீட்ட போன்ல வாங்கு. கெளம்பு.”

அவரும் ஏறிக்கொண்டார். சாவடியில் போலீஸ்காரர் பாஸ் கேட்டார். இவர் அரசாணையை முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பித்தார். நாலாம் பக்கத்தில் போலீஸ்காரர் கும்பிட்டார். “போய்ட்டு வாங்க சார்.”

“இன்னும் பதினஞ்சு பக்கம் கீது.”

ஆனால் அவர் அங்கேயே இறங்கிக்கொண்டார். ஆட்டோவில் டிரைவர் தவிர இரண்டு பேருக்குத்தான் அனுமதியாம். திரும்பும்போது அக்கா இருப்பாளாம்.

திரும்பும் வழியிலேயே அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. சாவடியை நெருங்கும்போதே தடுப்பு திறந்திருந்தது. புளியமரத்தடியில் அவர் வாசித்துக்கொண்டிருந்தார். போலீஸ்காரர் தப்பிக்க வழியின்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஏறுங்க ண்ணா!” என்று கத்தினேன்.

“மூணாவது ஆளுக்கு ஆர்டர் இல்ல. நீ போ.”

போலீஸ்காரரே இரங்கினார். “ஏறுங்க சார், நான் ஒண்ணும் சொல்லல.”

“நீங்க சொல்லாம இருக்கறதுக்கு ஆர்டர் எங்க?”

மே மாத வெயிலில் நடக்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் பறந்தோம். குழந்தையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. நேரத்தோடு வந்தீர்கள் என்றார் டாக்டர்.

சாயங்காலம் அறுந்த செருப்பைக் கையில் பிடித்தபடி ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே நின்றார். பார்வையாளருக்குத் தடை, அங்கேயாவது ஆர்டர் ஒட்டியிருந்தது.

“இன்னா கொழந்த?”

“பொண்ணு ண்ணா.”

“ஆங்.” போய்விட்டார். நன்றி சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், “நான் இன்னா செஞ்சேன்? இருந்தத படிச்சேன்” என்பார்.

அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐந்து வயது. தள்ளிக்கொண்டே போன காதுகுத்து, வரும் மாதம் மலைக்கோயிலில். முறைப்படி அவள் உட்கார வேண்டியது தாய்மாமன் மடியில், அதாவது என் மடியில். ஒரு காது குத்தியதும், மறு காதுக்கு அவளைத் தூக்கி அவர் மடியில் வைக்கலாமென்று இருக்கிறேன். எந்த முறையில் என்று கேட்பார். அதற்கு ஆர்டர் இல்லைதான். இருந்தாலும் வைக்கப்போகிறேன்.