சாட்சிக்குப் பங்கில்லை

"சொத்தையாடா கேட்டேன்? ஒரு கையெழுத்துதானே கேட்டேன்!"

சலூன்காரர் சவரக் கத்தியோடு கையை ஆட்டவும் மச்சான் இரண்டடி பின்வாங்கினான்.

தனக்குப் பிறகு வீடும், அதன் முன்னறையில் இருக்கும் சலூனும் மனைவிக்கும் மகளுக்கும்தான் சேர வேண்டும், சொந்தக்காரன் எவனும் மூக்கை நுழைக்கக் கூடாது என்று அவர் உயில் எழுதியிருந்தார். அதற்கு இரண்டு சாட்சி வேண்டும். பங்கு வாங்குகிறவர் சாட்சியாக இருக்கக் கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லன்னு என்கிட்டயே கையெழுத்து வாங்கறீங்க. பொண்ணு கொடுத்தவங்களுக்கு இதான் மரியாதையா?"

"உனக்கு எதுக்குடா பங்கு?"

"பங்கு கிடக்கட்டும் மாமா. என்னை நெனச்சுப் பாத்தீங்களா?"

அவன் வாயை அடைக்க மாடி அறையை எழுதி வைத்தார். பங்கு வந்தது, சாட்சி போனது.

அடுத்துச் சித்தப்பா வந்தார். சலூன்காரருக்கு நாக்கு சும்மா இருக்காது. மாடி விஷயத்தை அவரே உளறிக் கொட்டினார்.

"மச்சானுக்கு மாடி! உங்கப்பன் கூடப் பொறந்த எனக்கு வெறும் பேனாவா?"

அவருக்குப் பின்கட்டு போயிற்று. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். சலூன்காரருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பெற்ற மகளுக்கு ஒரு கூரையை விட்டுப் போக இத்தனை பேர் காலில் விழ வேண்டுமா?

நாற்காலியில் பாதிச் சவரத்தோடு இருந்த வாடிக்கையாளரிடம் காகிதத்தை நீட்டினார்.

"நீங்க அந்நியர். போடுங்க சாட்சி."

"படிச்சுப் பாத்துட்டுப் போடறேங்க."

"சாட்சி எதுக்குய்யா படிக்கணும்? நான் கையெழுத்துப் போடறதை நீ பாத்தா போதும்!"

"படிக்காம போடற பழக்கம் எனக்கு இல்லங்க."

"அப்ப எழுந்திரு!"

ஒரு கன்னத்தில் நுரையோடு அந்த மனிதர் தெருவில் இறங்கி நடந்தார்.

சத்தம் கேட்டு மனைவி உள்ளேயிருந்து வந்தாள்.

"மாடி போச்சு, பின்கட்டு போச்சு. மிச்சத்தை யாருக்கு எழுதப் போறீங்க?"

"உங்களுக்காகத்தான்டி அலையறேன்! ஊர்ல ஒருத்தனுக்காவது நியாயம் இருக்கா? எல்லாருக்கும் என் சொத்து மேலதான் கண்ணு. எங்கப்பா வீடு, நான் ஒரே பிள்ளை. இஷ்டப்பட்டவங்களுக்குக் கொடுப்பேன், எவன் கேக்கறது?"

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"மனசு கஷ்டப்படுவீங்கன்னு இத்தனை நாள் சொல்லல. உங்கப்பா இந்த வீட்டை எனக்குத்தான் எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு. அந்த உயில்ல ஒரு வரி கூடப் படிக்காம சாட்சிக் கையெழுத்துப் போட்டது நீங்கதான்."