வெந்நீர்க்காரரின் மீசைக் குடும்பம்

கொடைக்கானல் மலை தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை அங்கே சுறாவுக்குப் பிரசவம் பார்த்தவர் ஒரே ஒருவர்தான். அவர் டாக்டர் இல்லை, மீனவரும் இல்லை. ஏரிக்கு மேலே நான் தங்கியிருந்த லாட்ஜின் வெந்நீர்க்காரர். அறுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. லாட்ஜில் ஏழாம் நம்பர் அறை. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று எங்களில் யாருக்கும் தெரியாது. கேட்கத் தோன்றவும் இல்லை.

வில்பட்டியிலிருந்து வெள்ளனே நடந்து வந்து அண்டாவுக்குக் கீழே விறகைச் செருகுவார். எல்லாருக்கும் ஒரே சூட்டில் வெந்நீர் என்ற பேச்சே அவரிடம் கிடையாது. ஆளுக்கொரு பதம். வாளிக்குள் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் தருவார். "மூணாம் நம்பர் தண்ணிய ஒங்களுக்கு ஊத்துனா தோலு உரிஞ்சிரும் சார்" என்பார். மூன்றாம் நம்பரில் இருந்தவர் ஓய்வுபெற்ற தாசில்தார். பெரிய மீசை, அதைவிடப் பெரிய குரல். தண்ணீரில் ஆவி பறக்காவிட்டால் லாட்ஜே நடுங்கும்.

வாளியை வைத்துவிட்டு வெளியே நின்று காது கொடுப்பார் வெந்நீர்க்காரர். குளிருக்குப் பயந்து ஒருநாள் நான் சொம்புத் தண்ணீரைச் சும்மா தரையில் ஊற்றினேன். "சார், தரையில விழுற சத்தம் வேற, ஒடம்புல விழுற சத்தம் வேற" என்று குரல் வந்தது. குளித்துத் தொலைத்தேன்.

அந்த வருஷம் கடற்கரை ஊரான மண்டபத்திலிருந்து மீன் ஆராய்ச்சிக்காரர் ஒருவர் வந்து ஐந்தாம் நம்பரில் தங்கினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் காட்ட, படகுக்காரர்கள் கொடுத்த சுறா முட்டைகளைக் கடல் தண்ணீரோடு கொண்டுவந்திருந்தார். தட்டையாக, பழுப்பாக, பழைய தோல் பர்ஸ் மாதிரி இருக்கும். ஊருக்குக் கிளம்பும்போது ஒரு முட்டையையும் ஒரு டின் கடல் தண்ணீரையும் விட்டுவிட்டு, "அது செத்துப்போச்சு, கொட்டிடுப்பா" என்று சொல்லிப் போனார். கூடவே சுறா பற்றிய ஓர் இங்கிலீஷ் புத்தகத்தையும் மறந்துவிட்டுப் போனார்.

வெந்நீர்க்காரர் கொட்ட மறந்து, முட்டை கிடந்த கடல் தண்ணீர்ச் சட்டியை அடுப்புத் திட்டில் வைத்துவிட்டார். இரண்டாம் நாள் மத்தியானம் மூச்சிரைக்க என் அறைக்கு ஓடி வந்தார்.

"சார், வெரசா வாங்க! பர்சுக்குள்ள ஆளு இருக்காரு!"

வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். உள்ளே மஞ்சள் கருவோடு ஒட்டிக்கொண்டு விரல் நீளத்தில் ஒன்று துடித்தது. நான் மகிழ்ந்து போனேன். அவர் முகமோ வெளுத்துக் கிடந்தது.

"இவரு குளிர் காயுறாரா, வெந்து துடிக்குறாரா? அதைச் சொல்லுங்க சார் மொதல்ல."

நியாயமான கேள்வி. ஆராய்ச்சிக்காரருக்கு ஒரு கார்டு போட்டுவிட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். முட்டையிடும் சின்னச் சுறாக்களில் இரண்டு குடும்பங்கள் எங்களுக்குப் பொருந்தி வந்தன. ஒன்றுக்குப் பூனைக் கண். அதில் பல வகை ஆழத்தில், குளிர்ந்த தண்ணீரில் வாழும். இன்னொன்றுக்கு மூக்கோரம் குட்டி மீசை. கரையோரப் பாறைகளில், வெதுவெதுப்பான தண்ணீரில் வாழும். பூனைக் குடும்பமானால் அடுப்பு கொன்றுவிடும். மீசைக் குடும்பமானால் கொடைக்கானல் கொன்றுவிடும்.

பூனைக் குடும்பத்து முட்டையின் மூலைகளில் பெரும்பாலும் சுருள் இழைகள் இருக்குமாம். எங்கள் முட்டையின் மூலைகள் மலைப்பாதைக் குலுக்கலில் நைந்துபோயிருந்தன. ஆக, உள்ளே இருப்பவரைத்தான் பார்த்தாக வேண்டும். தினமும் மத்தியானம் நான் படிக்க, அவர் வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"முதுகுத் துடுப்பு ரெண்டும் பின்னால தள்ளியிருக்கா?"

"இருக்கு சார். முள்ளு இல்ல."

"அது ரெண்டு குடும்பத்துக்கும் உண்டுண்ணே. அடித்துடுப்பு எங்க இருக்கு?"

"வால ஒட்டிக் கெடக்கு சார். வாலும் நல்ல நீளம். வாயி கண்ணுக்கு முன்னாடியே முடிஞ்சிருது."

"அப்ப மீசைக் குடும்பம்தான்! இதெல்லாம் அவங்க அடையாளம்னு போட்டிருக்கு."

"தாசில்தார் ஐயா குடும்பம்னு சொல்லுங்க. அதான் சூடு கேக்குறாரு" என்றார் நிம்மதியாக.

எங்களுக்குத்தான் நிம்மதி போயிற்று. அடுப்பை மூட்டி எரித்தால் திட்டு கொதிக்கும். அணைத்தால் திட்டு சில்லிடும். அதனால் இரவும் பகலும் ஒரே தணல். வெந்நீர்க்காரர் வீட்டுக்குப் போவதையே விட்டுவிட்டார். அண்டாத் தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. தாசில்தார் முதல் சொம்பு ஊற்றியபோது எழுப்பிய சத்தத்துக்கு ஏரியில் படகு விட்டவர்கள் துடுப்பை நிறுத்தினார்கள்.

மூன்றாம் நாள் லாட்ஜ் முதலாளி வந்தார். "யோவ், நாளைக்கு வெந்நீர் கொதிக்கல, நீயும் ஒன் முட்டையும் வெளிய கெடப்பீங்க."

வெந்நீர்க்காரர் அடுப்புத் திட்டுக்கு நடந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சட்டியைத் தூக்கக் குனிந்தார். வேலையை விட்டுவிடத் தயாராகிவிட்டார் என்று புரிந்தது. அவருக்கு வேறு சோலி தெரியாது.

அப்போது தாசில்தார் முழங்கிக்கொண்டு வந்தார். "எங்கய்யா அந்த முட்டை? நானே ஏரியில வீசுறேன்!"

வெந்நீர்க்காரர் முட்டையை அவர் கையிலேயே கொடுத்து, கையைப் பிடித்து வெயில் பக்கம் உயர்த்தினார். "பாத்துட்டு வீசுங்கய்யா."

தாசில்தார் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். குரல் தாழ்ந்து, "துடிக்குதுய்யா" என்றார். பிறகு முதலாளி பக்கம் திரும்பி, "எனக்கு இனிமே பச்சத்தண்ணி போதும். யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்றார். அந்த மீசைக்கு எதிரே யாருக்கு ஆட்சேபணை வரும்? மூன்று வாரம் லாட்ஜ் முழுவதும் பல் கிட்டக் குளித்தோம்.

ஒரு காலையில் உறையைக் கிழித்துக்கொண்டு குட்டி வெளியே வந்தது. ஒரு சாணுக்கும் குறைவு. உடம்பெல்லாம் கறுப்புப் பட்டை, மூக்கருகே இரண்டு பொடி மீசை. நீந்தவில்லை, துடுப்புகளை ஊன்றிச் சட்டிக்குள் தவழ்ந்தது. அன்று மத்தியானமே ஆராய்ச்சிக்காரரின் பதில் கார்டும் வந்தது. "அந்த முட்டை செத்தது. பார்த்துப் பயனில்லை." வெந்நீர்க்காரர் கார்டைச் சட்டிக்கு மேலே பிடித்து, "கேட்டியாப்பா, நீ செத்துட்டியாம்" என்றார்.

ஆனால் கடைவீதியில் வாங்கிய காய்ந்த இறாலை அது தொடவில்லை. சட்டிக்கு மாற்றி ஊற்றிய டின் தண்ணீரும் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. ஐந்தாம் நாள் தவழ்வதை நிறுத்திவிட்டது. "இவரை அவரு வீட்டுல சேத்திரணும் சார்" என்றார் வெந்நீர்க்காரர். வத்தலக்குண்டுக்குக் கீழே எந்த ஊரையும் அறியாத மனுஷர். தாசில்தார் தன் கம்பளி மஃப்ளரைச் சட்டிக்குச் சுற்றினார். நான் மண்டபத்துக்கு ரயில் மாறும் இடங்களைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். முதல் பஸ்ஸில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நான்காம் நாள் காலையில் என் அறைக் கதவு தட்டப்பட்டது. ஆவி பறக்கும் வாளியோடு நின்றார்.

"பொழைச்சுதாண்ணே?"

"பாறை இடுக்குல எறக்கி விட்டேன். கொஞ்ச நேரம் சும்மா கெடந்தாரு. அலை வந்து பட்டுச்சு பாருங்க, வால ஒரு வீசு வீசுனாரு!"

"கடல் எப்படி இருந்துச்சு?"

அவர் யோசித்தார். "அதை எங்க சார் பாத்தேன்? அவரு போறதையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன்."

அந்த மனிதரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது எனக்கு. வெட்கப்பட்டுக்கொண்டு வாளியை வாங்கி, அவர் காதில் நன்றாக விழும்படி குளித்தேன்.