எக்கோவுக்குள் இருமியவன்

பாட்டின் இரண்டாவது சரணம் முடிந்து, வயலின்கள் மூச்சு வாங்கும் இடத்தில் யாரோ இருமினார்கள்.

ஷோமாரி மிக்ஸிங்கை நிறுத்தினான். ஸ்டுடியோவில் அவனைத் தவிர யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே டாங்கா நகரத்து வெயிலில் ஓர் ஆட்டோ போனது. அது இருமும் ரகம் அல்ல. பாட்டைப் பின்னுக்குத் தள்ளி மறுபடி ஓடவிட்டான்.

கெக், கெக், கெக். அதைத் தொடர்ந்து, கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒரு குரல்: "அஸ்ஸலாமு அலைக்கும் பிபி..."

அது அவனுடைய குரல்தான்.

பாட்டு பிபி ரிசிகியுடையது. தாரப் பாட்டில் அவரை அடித்துக்கொள்ள எங்கள் ஊரில் ஆள் இல்லை. தாரப்பில் வயலினும் அக்கார்டியனும் தேனாய் ஒழுகும். சொல்லுக்குள் ஊசி இருக்கும். யாரையும் பேர் சொல்லித் திட்டுவதில்லை. கல்யாண வீட்டில் பாட்டு ஒலிக்கும், பெண்கள் ஆடுவார்கள், கூட்டத்தில் ஒருத்தி மட்டும் கங்காத் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்து போவாள். ஓகோ, இது அவளுக்கா என்று ஊர் புரிந்துகொள்ளும்.

அன்று மாலை பிபியின் தங்கை மகளுக்குக் கல்யாணம். மதியத் தொழுகை முடிந்ததும் பிபியே நேரில் வந்து பாட்டைக் கேட்டு, வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

அதோடு போயிருந்தால் ஷோமாரி சமாளித்திருப்பான். ஆனால் பிபிக்கு ஷானி என்று ஒரு மகள் இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மஸ்கட் மாப்பிள்ளை ஒருவனின் வீட்டார் ஷானியைப் பெண் கேட்டு வருகிறார்கள். அதற்குள் ஷோமாரி தன் சார்பில் பெண் கேட்க ஒரு தூதாளை அந்த வீட்டுக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பலாமா என்று பிபியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையை அவன் மாதக்கணக்கில் கேட்கப் போய்க் கேட்காமல் திரும்பிக்கொண்டிருந்தான்.

"எந்தச் சத்தத்தையும் எங்க வேணாலும் அனுப்பத் தெரியுது. எங்க வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்பத் தெரியலையே உனக்கு," என்று அன்று காலை ஷானி போனில் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவ்வளவு நன்றாக இல்லை.

"உங்கம்மா முகத்தைப் பாத்தாலே எனக்கு இருமல் வருது ஷானி."

"மருந்து குடிச்சிட்டு வா. மஸ்கட்காரனுக்கு இருமலே கிடையாதாம்."

அவள் சொன்னதில் பாதி உண்மை. அவனுடைய மென்பொருளில் எந்த டிராக்கையும் எந்த டிராக்குக்கும் திருப்பிவிடலாம். குரலை எக்கோவுக்கு, எக்கோவை அக்கார்டியனுக்கு, அக்கார்டியனை மறுபடி குரலுக்கு. கேட்பார் கிடையாது. மற்ற மென்பொருள்கள் 'இது ஆகாது' என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லும் இடத்தில் இது 'உங்கள் இஷ்டம்' என்று ஒதுங்கிக்கொள்ளும். ஷோமாரி அதைப் பற்றி டீக்கடையில் வகுப்பே எடுத்திருக்கிறான். இப்போது திரையில் அவன் இழுத்துவிட்டிருந்த கோடுகள் மீன் மார்க்கெட்டில் உலரும் வலைபோல் சிக்கிக் கிடந்தன.

ஒவ்வொன்றாக அடைத்துப் பார்த்தான். பிபியின் குரல் சுத்தம். அக்கார்டியன் சுத்தம். எக்கோவைத் திறந்தால், கெக்!

பிடிபட்டது. பாட வருகிறவர்களிடம் பேசுவதற்காக அவன் மேஜையில் ஒரு மைக் உண்டு. பொத்தானை அமுக்கிப் பேசினால்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்கும். ரெக்கார்டிங் அன்று அவன் பொத்தானைத் தொடவே இல்லை, சத்தியம் செய்வான். ஆனால் ஏதோ ஒரு வீரமான நாளில் அந்த மைக்கிலிருந்து எக்கோவுக்கு ஒரு கோடு இழுத்துவிட்டிருக்கிறான். அந்தக் கோட்டுக்குப் பொத்தான் ஒரு பொருட்டே இல்லை. பிபிக்குக் காதில் எக்கோ கேட்டால்தான் பாட்டு வரும். "எக்கோ இல்லாம பாடறது உப்பில்லாம மீன் பொரிக்கிற மாதிரி," என்று அவர் பிடிவாதம் பிடிக்க, பழைய கம்ப்யூட்டர் திணறாமல் இருக்க எக்கோவையும் கையோடு பதிவு செய்திருந்தான். பிபியின் எக்கோவும் ஷோமாரியின் இருமலும் ஒரே பானையில் வெந்திருந்தன. இனி அரிசியை எடுத்துவிட்டு உப்பை மட்டும் விடமுடியாது.

அன்று அவன் என்ன பேசினான்?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிபி கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருக்க, பக்கத்தில் அவன் நண்பன் அத்துமானி அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் இவன் தன் ஒரு வார்த்தையை ஒத்திகை பார்த்திருந்தான். அந்த இடத்தை ஓடவிட்டான்.

"...பிபி, உங்க வீட்டுக்கு ஒரு ஆளை அனுப்பலாமான்னு... யா அல்லா, இந்தம்மா கண்ணை மூடினாத்தான் எனக்குப் பேச்சே வருது. தொறந்தா துறைமுகத்துக் கிரேன் மாதிரி ஆளைத் தூக்கி எடை போடுறாங்க... பிபி, என்கிட்ட மஸ்கட் இல்ல. ரெண்டு ஸ்பீக்கர்தான் இருக்கு, அதுலயும் ஒண்ணு கரகரங்குது. ஆனா உங்க ஷானியை அழ வைக்க மாட்டேன்..."

ஷோமாரி முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். கிரேன்! கல்யாணப் பந்தலில், ஊர்ப் பெண்கள் முன்னால், பிபியின் பாட்டுக்குள்ளிருந்தே கிரேன் என்று கேட்டால், வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காமல் அன்று மாலையே ஷானியை மஸ்கட்டுக்கு விமானம் ஏற்றிவிடுவார்.

பழைய எக்கோவைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று போடுவது என்று முடிவு செய்தான். கோடு இழுத்தான். அவசரத்தில் புதிய எக்கோவைப் பழைய எக்கோவுக்கும், பழையதைப் புதியதற்கும் இழுத்துவிட்டான். மென்பொருள் உங்கள் இஷ்டம் என்றது.

ஓடவிட்டான்.

"ஷானியை... ஷானியை... ஷானி... ஷானி ஷானி ஷானீஈஈ..."

குரல் தன்னைத் தானே தின்று பெருத்தது. ஸ்பீக்கர் அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மேஜையிலிருந்த டீ க்ளாஸ் நடந்து வந்து ஓரத்தில் நின்றது. ஷோமாரி கையில் கிடைத்த வயரையெல்லாம் பிடுங்கினான். மின்விசிறி நின்றது. ஷானி நிற்கவில்லை. கடைசியில் ஸ்பீக்கரைக் கட்டிப்பிடித்து அதன் முதுகிலிருந்த சுவிட்சை அணைத்தான்.

கீழே தையற்கடையில் மெஷின் சத்தம் நின்றது.

"ஷோமாரி! யாருப்பா அது ஷானியைக் கூப்பிடறது?" என்று தையற்காரர் கோம்போ தெருவுக்கு வந்து கத்தினார்.

"பாட்டு, கோம்போ அண்ணே! பாட்டு!"

"பாட்டா? ஆட்டை அறுக்கற மாதிரி இருந்துச்சு! பிபி ரிசிகி பொண்ணு பேரும் அதுதானே?"

"ஷானின்னு ஊர்ல நூறு பேர் இருக்காங்க!"

"எனக்குத் தெரிஞ்சு ஒருத்திதான். பிபி கல்யாணத் துணி தைக்கக் குடுத்திருக்காங்க. இப்ப வாங்க வருவாங்க, கேட்டுச் சொல்றேன்."

"வேணாம் அண்ணே!" என்ற ஷோமாரிக்குத் தொண்டையில் இருமல் ஏறியது.

எக்கோவே இல்லாமல் விட்டுப் பார்த்தான். பிபியின் குரல் குளிக்கும்போது துண்டு நழுவினவர்போல் கூச்சத்துடன் நின்றது. இதைக் கொடுப்பதற்கு அவரை நேரிலேயே கிரேன் என்று சொல்லிவிடலாம்.

பாட்டை முழுதும் கூர்ந்து கேட்டான். அவன் பேச்சு முழுவதும் மூன்றாவது சரணத்தையும் அதற்கு முந்தைய இடைவெளியையும் சுற்றித்தான் இருந்தது. அந்தச் சரணம் பாட்டிலேயே கிடையாது. பிபி ரெக்கார்டிங்கின்போது கண்ணைத் திடுக்கென்று திறந்து, கண்ணாடி வழியே நேராகப் பார்த்து, அந்த இடத்திலேயே கட்டிப் பாடியது:

"முற்றத்தில் நின்று மூன்று முறை இருமுகிறாய்,
செருப்பைத் தேய்த்துவிட்டுத் திரும்புகிறாய்;
ஹோடி என்று ஒரு குரல் கொடுத்தால் அல்லவா
கரிபு என்று உள்ளிருந்து வரும்?"

வாசலில் நின்று ஹோடி என்று கேட்காமல், உள்ளிருந்து கரிபு என்று வரவேற்காமல், எங்கள் பக்கத்தில் யாரும் யார் வீட்டுக்குள்ளும் கால் வைப்பதில்லை. அப்படிக் கேட்காமல் அடுத்த வீட்டு வாசலில் நின்று ஒட்டுக்கேட்பவள் என்று பாடகி சுபேதாவுக்கு ஒரு பேர் உண்டு. ஊசி அவளுக்குத்தான் என்பதில் ஷோமாரிக்குச் சந்தேகமே இல்லை. அந்தச் சரணத்தில் அத்துமானி அக்கார்டியன்மேல் கவிழ்ந்து தோள் குலுங்கியது நினைவிருந்தது. தூசி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று அன்று ஜன்னலைத் திறந்து வைத்தான்.

சுபேதாவைத் திட்ட இன்னொரு கல்யாணம் வராமலா போகும்? சரணத்தை, முன்னால் இருந்த இடைவெளியோடு சேர்த்து, வெட்டித் தூக்கினான். இரண்டாவதையும் நான்காவதையும் ஒட்டினான். கேட்டான். இருமல் இல்லை, கிரேன் இல்லை. பாட்டு வழுக்கிக்கொண்டு போயிற்று. முழுசாக மூச்சு விட்டான்.

படியில் காலடி கேட்டது.

"ஹோடி!"

"கரிபு, கரிபு!"

முழங்கால் வலியோடு ஒவ்வொரு படியாக ஏறி வந்த பிபி ரிசிகி நாற்காலியில் அமர்ந்தார். பின்னால் ஷானி, கையில் புது மருதாணியோடு. கடைசியாக அக்கார்டியன் பெட்டியைச் சுமந்துகொண்டு அத்துமானி. அவன் ஷோமாரியைப் பார்த்துக் காரணமில்லாமல் கண்ணடித்தான்.

"என்னப்பா, கீழ கோம்போ என்னமோ சொல்றாரு?" என்றார் பிபி.

"அது... ஸ்பீக்கர் ரிப்பேர் பிபி."

"ரிப்பேர் ஸ்பீக்கருக்கு என் பொண்ணு பேரு தெரியுமா?" பிபி அவனைத் தூக்கி எடை போட்டார். உதட்டோரம் ஏதோ அசைந்ததுபோல் இருந்தது. "சரி, போடு."

போட்டான். பிபி கண்ணை மூடித் தலையாட்டினார். முதல் சரணம். இரண்டாவது சரணம். ஷானி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்து, ஷோமாரியின் முகத்தையே பார்த்தாள். இவனும் சிரித்து வைத்தான்.

நான்காவது சரணம் வந்தது.

பிபியின் தலை நின்றது. கண் திறந்தது. பாட்டு முடிந்தது.

"மூணாவது எங்க?" என்று ஷானிதான் கேட்டாள். குரல் சின்னதாக இருந்தது.

"வெட்டிட்டேன்," என்றான் ஷோமாரி, தொழில் தெரிந்தவனின் மிடுக்கோடு. "அது பாட்டுக்குத் தேவையில்ல பிபி. ஒட்டவே இல்ல. யோசிச்சுத்தான் எடுத்தேன்."

"யோசிச்சுத்தான் எடுத்தியா?"

"ரொம்ப யோசிச்சேன்."

பிபி மெல்ல எழுந்தார். "நல்லது தம்பி. மனசுல இருக்கறதைப் பளிச்சுன்னு சொல்லிட்டே. நான்தான் வேற மாதிரி நினைச்சிட்டேன்." பென்டிரைவை வாங்கிக்கொண்டார். "ஷானி, வா. வெள்ளிக்கிழமைக்கு வீட்டுல ஏகப்பட்ட வேலை கிடக்கு."

ஷானி அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மருதாணிக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டதில் மூக்கு நுனியில் சிவப்பு ஒட்டியது. படியில் பிபியின் காலடி ஒவ்வொன்றாக இறங்கத் தொடங்கியது.

ஷோமாரி கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் சரிந்தான். "தப்பிச்சேன்டா அத்துமானி! சரணம் போனா போகுது. நான் அன்னைக்கு உளறினது ஒண்ணுகூட அவங்க காதுல விழல!"

அத்துமானி அக்கார்டியன் பெட்டியைத் தரையில் வைத்தான். மேஜை மைக்கைப் பார்த்தான், பாடும் அறையில் தொங்கிய இரண்டு ஹெட்போன்களைப் பார்த்தான், கடைசியில் நண்பனைப் பார்த்தான்.

"அட கழுதை, அந்த எக்கோவை எங்க ரெண்டு பேர் காதுக்கும் இழுத்துவிட்டதே நீதானேடா! நீ பொண்ணு கேட்டதுக்கு அவங்க பாட்டுலயே சொன்ன கரிபுவைத்தான் இப்ப வெட்டிப் போட்டிருக்கே!"