பஜ்ஜிக்கு மூன்று பெயர் சொல்லும் சம்பந்தி வீடு

சென்னிமலை ஆண்டவர் துணை

பீளமேடு,
ஞாயிற்றுக்கிழமை.

பாசமுள்ள அண்ணன் செங்கோடன் அவர்களுக்கு, தங்கை தெய்வாத்தாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சத்தியமங்கலத்தில் நீங்களும் அண்ணியும் வாழைத்தோப்பும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். போன் பண்ணினால் அண்ணியிடம் கொடுத்துவிட்டுத் தோப்புக்குள் போய்விடுகிறீர்கள். கடிதத்தை அப்படிக் கைமாற்ற முடியாது என்பதால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நம் வீட்டில் கூடியிருந்தவர்கள்: உங்கள் மச்சான், நான், மகன் சபரீஷ், மெல்போர்னிலிருந்து வந்திருக்கும் மகள் சண்முகப்பிரியா, அவள் கட்டிக்கொள்ள ஆசைப்படும் நேத்தன், அவனுடைய அப்பா கிரேம், அம்மா ஹெலன், அப்புறம் உறை மோர் கேட்டு வந்து கடைசி வரை போகாத பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமி. வராதவர் பெண்ணின் தாய்மாமன் ஒருவர்தான். உங்களுக்கென்று ஒரு நாற்காலி போட்டு வைத்தேன். அதில் வெங்கடலட்சுமி உட்கார்ந்துகொண்டாள்.

போன மாதம் விஷயத்தைச் சொன்னபோது நீங்கள் பேசியதை நான் மறக்கவில்லை. “அந்த நாட்டுக்காரங்க அத்தனை பேரும் ஒரே மாதிரி பேசுவாங்க, மட்டு மரியாதையே கிடையாது. பேச்சு முடியற எடத்துல ஒரு ‘ங்க’ போடத் தெரியாதவன் பக்கத்துல என்ற மருமவளை உக்கார வெச்சு நான் பட்டம் கட்டமாட்டேன்” என்று செருப்பை மாட்டினீர்கள். அத்தனை கோபத்திலும், “வாரேன் அம்மணி, கதவைச் சாத்திக்கோ, பூனை வந்துரும்” என்று எப்போதும் சொல்வதை மட்டும் விடவில்லை. எங்கள் வீட்டுக்குப் பூனை வந்து எத்தனையோ வருஷமாகிறது. ஆனால் அண்ணா, தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டாமல் மணவறை ஏறிய பெண் நம் சனத்தில் உண்டா? நீங்கள் வராவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று பிரியாவும் சொல்லிவிட்டாள். சொல்லிவிட்டு மாடிக்குப் போய் அழுதாள்.

நீங்கள் சொன்ன ‘ஒரே மாதிரி’ எப்படி இருந்தது என்பதைக் கேளுங்கள். அன்றைக்கு மழை பிடித்துக்கொண்டது, நான் உருளைக்கிழங்கு பஜ்ஜி போட்டேன். கிரேம் ஒன்றை எடுத்து, “ஆகா, ஸ்காலப்!” என்றார். ஹெலன் உடனே, “ஸ்காலப் என்றால் கடல் சிப்பி. இது ஃப்ரிட்டர்” என்றாள். நேத்தன் வாயில் போட்டுக்கொண்டே, “கேக்” என்றான். பெற்றவர்கள் இருவரும் அவன் பக்கம் திரும்பினார்கள் பாருங்கள், பெண் பார்க்க வந்ததே மறந்துபோயிற்று. பிரியாதான் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்கு பிரிஸ்பேன், அம்மாவுக்கு அடிலெய்டு. பையன் வளர்ந்தது அப்பா ஊரில், வேலை பார்ப்பது மெல்போர்னில். ஒரே மாவில் முக்கிய ஒரே கிழங்குக்கு மூன்று ஊரிலும் மூன்று பெயராம். “வேலைக்குப் போன எடத்துல பேச்சைத் தொலைச்சுட்டான்னு அவங்கம்மா திட்டறாங்கம்மா” என்றாள் பிரியா. சட்டி காய்கிறது, எண்ணெய் புகைகிறது, இவர்கள் ஓயவில்லை. கடைசியில் உங்கள் மச்சான்தான் கையைத் தூக்கி, “ஏனுங்க, இது பஜ்ஜிங்க. ஆறிப்போச்சுன்னா எந்தப் பேரு சொன்னாலும் நல்லாருக்காதுங்க” என்று தீர்ப்புச் சொன்னார்.

அதோடு போச்சா? வெங்கடலட்சுமி சும்மா இருக்காமல், “கல்யாணத்துல டான்ஸ் எல்லாம் உண்டுங்களா?” என்று கேட்டாள். ஹெலன் நம்மைப் போலவே வாயைத் திறந்து ‘டான்ஸ்’ என்கிறாள். கிரேமோ ‘டேன்ஸ்’ என்கிறார். மறுபடியும் ஆரம்பம். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. உங்கள் நினைப்புதான் வந்தது. “பீளமேட்டுக்காரங்க மில்லுச் சங்குக்கு ஓடுன அவசரத்துல ‘ங்க’வைப் பாதியில முழுங்கிப்போட்டாங்க” என்று நீங்கள் இவரைச் சீண்டுவதும், “உங்கண்ணன் கன்னடத்தை எட்டிப் பார்த்துப்போட்டு வந்து தமிழ் பேசறாரு” என்று இவர் என்னைச் சீண்டுவதும் இருபத்தெட்டு வருஷமாக நடக்கிறதே, அதையே இவர்கள் இங்கிலீஷில் நடத்துகிறார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். கிரேமும் நேத்தனும் எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு ‘ஏ’ போடுகிறார்கள். மழை நல்ல மழை, ஏ. பஜ்ஜி நன்றாக இருக்கிறது, ஏ. ஹெலன் போடுவதில்லை. ஏன் என்று கேட்டேன். அது பிரிஸ்பேன் பக்கத்துப் பேச்சாம், கட்டிக்கொண்ட நாளாக அதை ஒழிக்கப் பார்க்கிறாளாம், முடியவில்லையாம். அதைக் காட்டித்தான் அவளுடைய அண்ணன், “ஏ போடுகிறவனா உனக்கு மாப்பிள்ளை?” என்று கல்யாணத்துக்கே வரமாட்டேன் என்றாராம். இப்போது அந்த அண்ணன் வருஷா வருஷம் கிரேமோடு மீன் பிடிக்கப் போகிறாராம். தங்கச்சி கூப்பிட்டால்கூட அங்கிருந்து அசையமாட்டாராம். ஆக, அடிலெய்டிலும் ஒரு செங்கோடன் அண்ணன் இருந்திருக்கிறார்.

அந்த ‘ஏ’ நம்முடைய ‘ங்க’ ஆகிவிடுமா என்றால், ஆகாதுதான். நம்முடையது கும்பிடுவது மாதிரி. அவர்களுடையது தோளில் கை போடுவது மாதிரி. ஆனாலும் பேச்சை மொட்டையாக முடிக்க மனசு வராத சனம் என்று தெரிகிறதல்லவா? எனக்கு அது போதும். உங்களுக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

வியாழக்கிழமை சபரீஷ் அவர்களை உங்கள் ஊர்ப் பக்கத்துக் கொடிவேரி அணைக்குக் குளிக்கக் கூட்டிப் போனான். அதற்குப் போட்டுக்கொள்ளும் துணி ‘டாக்ஸ்’ என்று கிரேம், ‘பேதர்ஸ்’ என்று ஹெலன். உங்கள் மச்சான் சண்டைக்கே இடம் வைக்காமல் கிரேமிடம் ஒரு வேட்டியைக் கொடுத்து அனுப்பினார். மத்தியானம் வரவேண்டியவர்கள் விளக்கு வைத்த பிறகுதான் வந்தார்கள். வழியில் டயர் பஞ்சர் என்றான் சபரீஷ்.

அண்ணா, ‘ங்க’ வராத ஒரே குறைக்காக நல்ல பையனைத் தள்ளாதீர்கள். மெதுவாகச் சொல்லிக்கொடுத்துக்கொள்ளலாம். ஆண்டவர் உங்கள் முழங்கால் வலியைக் குறைத்து, பிடிவாதத்தை அதற்கு மேல் குறைத்து, உங்களைக் கோயம்புத்தூர் பஸ் ஏற்றிவிடட்டும். அண்ணிக்கு என் அன்பு.

இப்படிக்கு,
தங்கை தெய்வாத்தாள்

பி.கு.: மேலே எழுதிய எதையும் படிக்க வேண்டாம். கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். நேத்தன் என் முன்னால் வந்து கைகூப்பி, “வாரேனுங்க அம்மணி. கதவைச் சாத்திக்கோங்க, பூனை வந்துரும்” என்றான். வெங்கடலட்சுமி பூனையைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினாள். எந்த மருமகன் மாமியாரை அம்மணி என்பான்? இந்த உலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட ஒருவர்தான் பாக்கி. பிரியா சொல்லிக்கொடுத்திருந்தால் பீளமேட்டு அவசரத்தில் வந்திருக்கும். இவன் அந்த ‘வாரேனுங்க’வைச் சத்தியமங்கலம் வரைக்கும் இழுத்தான். சபரீஷின் காதைப் பிடித்தேன். “பஞ்சரெல்லாம் இல்லீங்கம்மா. மாமா ஊட்டுலதான் இருந்தோம். ‘ங்க’ போட்டுச் சொல்லு சொல்லுன்னு பொழுது எறங்கற வரைக்கும் அவனை உடவே இல்லீங்க. உங்கொம்மாகிட்டச் சொல்லிப்போடாதேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க” என்கிறான். அண்ணியிடம் போன் பண்ணிக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். வியாழக்கிழமையிலிருந்து நீங்கள் மாட்டிடம்கூட ‘ஏ’ போட்டுப் பேசுகிறீர்களாமே!

கதவைச் சாத்தாமல்தான் வைத்திருக்கிறேன். எந்த முகூர்த்தம் தோதுப்படும் என்று சீக்கிரம் பதில் போடுங்கள்.