வேதாந்தத்தின் மாற்று ஏற்பாடு

“ஏன்னா, கொல்லையில நிக்கறது நாயா, கரடியா?”

வேதாந்தத்தின் மனைவி நீரஜா கேட்டதில் தப்பில்லை. சித்திரை வெயிலில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு, உடம்பெல்லாம் சடை சடையாக ரோமத்தோடு ஆறு உருப்படிகள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன.

“தென் துருவத்துக்குப் போற நாய்டி! ஆராய்ச்சிக்காராளுக்குப் பனியில வண்டி இழுக்கும். இமயமலைப் பக்கம் வாங்கி ரயில்ல அனுப்பியிருக்கா. கப்பல் கொழும்புல ரிப்பேர். வர நாளாகுமாம்.”

“அதுக்கு நம்மாத்துக்கு ஏன் வரணும்?”

அங்கேதான் வினை. வேதாந்தம் ஒரு கப்பல் ஏஜண்டு கம்பெனியில் தற்காலிக குமாஸ்தா. கப்பல் தாமதமானால் என்ன செய்வது என்று ஒரு மாற்று ஏற்பாடு எழுதித் தரச் சொன்னார் துரை. வேதாந்தமும் எழுதித் தள்ளினார். ஆராய்ச்சிக்காரர்களின் கூடாரத்தை எங்கே வைப்பது, பிஸ்கோத்து டின்னை எலியிடமிருந்து எப்படிக் காப்பது, எல்லாம். நாய்கள் விஷயத்தில் மட்டும் ஒன்றும் தோன்றாமல், ‘பொறுப்பான அலுவலர் வசம்’ என்று கம்பீரமாக முடித்துவிட்டார்.

“அந்தப் பொறுப்பான அலுவலர் நீர்தான்” என்று துரை தோளில் தட்டினார். நாய்கள் நல்லபடியாகக் கப்பலேறினால் உத்தியோகம் நிரந்தரம். ஒரு நாய்க்கு ஏதாவது ஆனாலும் வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

வேதாந்தம் வண்டி நிறைய ஐஸ் வாங்கிக் கொல்லையில் பரப்பினார். நாய்கள் ஏறிப் படுத்து, சொந்த ஊருக்கே வந்துவிட்ட ஆனந்தத்தில் ஊளையிட்டன. ஐஸ் உருகியதும் துக்கத்தில் ஊளையிட்டன. துக்கம் விசாரிக்க மயிலாப்பூர்த் தெருநாய்கள் அத்தனையும் வாசலில் கூடிவிட்டன.

பக்கத்து வீட்டுப் பாட்டு வாத்தியார் சந்திரமௌலி சுவருக்கு மேலே தலையை நீட்டினார். “ஓய், என் சிஷ்யாள்லாம் உம்ம நாயோட ஸ்ருதிக்குப் பாட ஆரம்பிச்சுட்டா! ஏதாவது பண்ணும்!”

வேதாந்தம் பண்ணினார். தேனாம்பேட்டையில் ஜட்காக் குதிரைகளுக்கு முடி கத்தரிக்கும் சர்தார் பாயைக் கூட்டிவந்தார்.

“குதிரைக்கே வெட்றேன், இதுக்கு வெட்டமாட்டேனா? சோக்கா கீது பாரு சாமி!” என்றார் சர்தார்.

சாயங்காலத்துக்குள் ஆறும் மழமழவென்று ஆகிவிட்டன. ஊளை நின்றது, கிணற்றடியில் சுகமாகத் தூங்கின. வேதாந்தத்துக்குத் தன் மூளையை நினைத்துத் தனக்கே பெருமை தாங்கவில்லை.

அப்போதுதான் ஆபீஸ் சேவகன் ஓடிவந்தான். “ரிப்பேர் முடிஞ்சு கப்பல் என்னைக்கோ கெளம்பிடுச்சாம் சார்! நாளைக்கு வந்துடுது!”

நீரஜா நாய்களைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். “ஏன்னா, துருவத்துல குளிருமோன்னோ?”

அடுத்த நிமிஷம் வேதாந்தம் வீட்டுக் கம்பளிகளையெல்லாம் அள்ளிக்கொண்டு சைதாப்பேட்டைத் தையற்காரர் கரீமுல்லாவிடம் நின்றார்.

“கோட்டா? கை எத்தினி வெக்கணும் சாமி?”

“நாலு!”

கரீமுல்லா அவரை ஏற இறங்கப் பார்த்தார். விஷயம் தெரிந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். ஆனால் மிஷினை நிறுத்தவில்லை.

மறுநாள் துறைமுகத்தில் ஆறு நாய்களும் பித்தான் போட்ட கம்பளிக் கோட்டோடு வரிசையாக நின்றன. பித்தான் அறுந்தால் தைக்கக் கரீமுல்லாவும் கூடவே வந்திருந்தார். கேப்டன் துரை குனிந்து ஒரு கோட்டைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே மொட்டை. வேதாந்தம் ஓடிப்போய் முன்னால் நின்றார்.

“வேணும்னுதான் சார் ரோமத்தை எடுத்தேன்!” என்று இங்கிலீஷில் உளறினார். “பனியில ரோமம் நனைஞ்சா காயாது. கோட்டுன்னா கழட்டி உலர்த்திக்கலாம்!”

கேப்டனின் கண்கள் விரிந்தன. “அற்புதம்! இந்த முறை தெரிந்தவர் வேறு யாராவது உண்டா?”

“உலகத்துலேயே நான் ஒருத்தன்தான் சார்!”

கேப்டன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். பிறகு கரீமுல்லாவைத் தனியே அழைத்து, சைகையில் என்னவோ சொன்னார். கூட நின்ற ஆபீஸ் துரை வேதாந்தத்தைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டினார். உத்தியோகம் நிரந்தரம்! வேதாந்தத்துக்கு அங்கேயே குதிக்க வேண்டும்போல் இருந்தது.

கரீமுல்லா அளவு நாடாவோடு வந்து நின்றார்.

“கைய கொஞ்சம் தூக்குங்க சாமி. நாய்ங்களப் பாத்துக்க உங்களையும் இட்டுக்கினு போறாங்களாமே!”