என் கோட்டுக்குள் வாளி அண்ணாச்சி

தென்காசியில் என்னைப் போல இருமுவதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் ஒருவர் இருந்தார். என் நடை, என் கோபம், என் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எல்லாவற்றையும் என்னைவிடத் திருத்தமாகச் செய்வார். எங்கள் தெருக்காரர்களைக் கேட்டால், நானாக இருப்பதில் அவருக்குத்தான் முதலிடம், எனக்கு இரண்டாவது இடம் என்று கூசாமல் சொல்லுவார்கள். அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. ஊருக்கு அவர் வாளி அண்ணாச்சி. கல்யாண வீட்டுக்குப் போனாலும் கையில் தகர வாளியோடுதான் போவார். பந்தியில் அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதால் ஓர் ஆள் உட்காரும் இடம் போய்விடும். யாரும் அவரிடம் அதைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை.

அப்போது யுத்த காலம். நான் சர்வே குமாஸ்தா. தை பிறந்தால் மூட்டை கட்டவேண்டும். திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் காட்டில் கூடாரம், தேளோடு குடித்தனம், ஆடி மாதம்வரை அங்கேதான் வாசம். ஒருவன் நிலம் அளக்கும் சங்கிலியை இழுத்துக்கொண்டே அளவைக் கத்துவான். நான் வெயிலில் நின்று நோட்டில் எழுதவேண்டும். எழுதி எழுதி எனக்குப் பூமி மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. என் மனைவி செண்பகம் அந்த மாதங்களில் திருநெல்வேலியில் இருக்கும் அவள் அக்காள் வீட்டுக்குப் போய்விடுவாள். தென்காசி வீடு பூட்டிக் கிடக்கும்.

வீடு பூட்டிக் கிடந்தால் கிடக்கட்டும். புறவாசல் தோட்டம்தான் தொல்லை. கனகாம்பரம் காயும், பிச்சி காயும், முருங்கை பாதி ஒடியும்; நாங்கள் திரும்பி வந்து மறுபடி வைப்போம். இதெல்லாம் வருஷா வருஷம் நடக்கிற கூத்து. ஆனால் அந்த வருஷம் தோட்டத்தில் ஓர் எலுமிச்சைக் கன்று இருந்தது. என் மாமனார் புளியங்குடியில் எலுமிச்சைத் தரகர். தன் தோட்டத்தில் நல்லதாகப் பார்த்து ஒரு மரத்தின் விதையைப் போட்டு முளைக்க வைத்து, ஓர் உடைந்த சட்டியில் மகளுக்கு அதைக் கொண்டுவந்து கொடுத்தார். அடுத்த மாதம் போய்ச் சேர்ந்தார். தோட்டம் பங்காளிகளிடம் போயிற்று. அப்பா என்று சொல்லிக்கொள்ளச் செண்பகத்திடம் மிஞ்சியது முழங்கை உயரத்தில் அந்த ஒரு கன்றுதான்.

"இது மட்டும் பட்டுப்போச்சு, நான் இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான். பத்து வருஷம் குடித்தனம் பண்ணிப் பார்த்தவன் சொல்லுகிறேன்.

ஊரைவிட்டுப் போகிறவர்களின் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதுதான் வாளி அண்ணாச்சியின் தொழில். சீசன் முடிந்து குற்றாலத்துப் பங்களாக்காரர்கள் கிளம்பிப் போனால், அடுத்த சாரல் வரைக்கும் அவர்களுடைய பூஞ்செடிகளெல்லாம் அண்ணாச்சி பொறுப்புத்தான். கூப்பிட்டு அனுப்பினேன். வந்தார். கிணற்றைப் பார்ப்பார், பாத்தியைப் பார்ப்பார் என்று நினைத்தேன். என்னைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அய்யா எந்தக் காலை முன்னால வச்சு நடப்பீய?"

"அது எதுக்கு அண்ணாச்சி? தண்ணி ஊத்துனாப் போதாதா?"

"தண்ணி எந்தப் பயலும் ஊத்துவான். வீட்டுக்காரரு ஊத்துதாருன்னு செடி நினைக்கணும்லா? ஆறு மாசம் ஆளக் காணலைன்னா அது ஏங்கிப் போவும். ஏங்கிப் போன செடிக்கு அமிர்தத்தை ஊத்துனாலும் ஏறாது. உங்க கோட்டு ஒண்ணு குடுங்க. செருப்பும் வேணும். ஒரு தடவை இருமிக் காட்டுங்க."

எனக்கு இருந்த அலுப்பில் இருமியும் காட்டினேன். செண்பகம் சந்தோஷமாக என் ஆபீஸ் கோட்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். பச்சைக் கோடு போட்ட பழுப்புக் கோட்டு. அப்படி ஒரு துணியை அந்த ஜில்லாவிலேயே இன்னொருவன் வாங்கியிருக்க மாட்டான். அதை நான் மாட்டிக்கொண்டு போவதில் என்னைவிட அவள்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தாள்.

கேம்ப்புக்குப் போய் மூன்று வாரத்தில் எதிர்வீட்டு வாத்தியாரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'தாங்கள் ஊரில் இல்லாதபோதும் தங்கள் வீட்டில் சண்டை நிற்கவில்லை' என்று ஆரம்பித்திருந்தார். விடிந்ததும் வாளி அண்ணாச்சி என் கோட்டை மாட்டிக்கொண்டு, இரண்டு தடவை இருமி, "செண்பகம்! என் மூக்குக்கண்ணாடிய எங்க வச்சே? ஒரு சாமான் இந்த வீட்டுல வச்ச இடத்துல இருக்கா?" என்று பூட்டின வீட்டைப் பார்த்து ஒரு மூச்சு கத்தி முடித்தபிறகுதான் கிணற்றில் வாளியை இறக்குகிறாராம். புறவாசலையொட்டிய முடுக்குத் தெருவில் போகிற பெண்கள் நின்று கேட்டுவிட்டு, "பாவம் அந்தப் பிள்ளை, இந்த மனுசங்கிட்ட என்ன பாடு படுதாளோ" என்று எனக்காக வருத்தப்படாமல் அவளுக்காக வருத்தப்படுகிறார்களாம். படித்துவிட்டுக் கார்டை நாலாக மடித்துக் கூடாரத்தின் முளைக்கு அடியில் சொருகினேன்.

அடுத்த கார்டு மாசியில் வந்தது. சனிக்கிழமைதோறும் நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறவன் என்பதை அண்ணாச்சி யாரிடமோ விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். எண்ணெய் வாசனை இல்லாமல் சனிக்கிழமை போனால் செடிக்குச் சந்தேகம் வந்துவிடுமாம். ஆகவே என் செலவில் நல்லெண்ணெய் வாங்கி உச்சிமுதல் உள்ளங்கால்வரை தேய்த்துக்கொண்டு, குற்றாலத்துக்கு நடந்தே போய் அருவியில் நின்றிருக்கிறார். அருவியில் அந்த மாதம் மூன்று சொட்டுதான். அந்த மூன்றையும் என் பெயரைச் சொல்லித் தலையில் வாங்கிக்கொண்டு வந்தாராம். 'தங்கள் தேக ஆரோக்கியம் நன்றாக இருக்கிறது' என்று வாத்தியார் முடித்திருந்தார். நான் அன்று கூடாரத்தில் வயிற்றுக் கடுப்போடு படுத்திருந்தேன்.

இதெல்லாம் போகட்டும். சித்திரையில் வந்ததுதான் பெரிய இடி.

எங்கள் மேலதிகாரி, சீசனுக்கு ஒரு பங்களாவை முன்கூட்டியே அமர்த்துவதற்காகக் குற்றாலம் வந்திருக்கிறார். தென்காசியில் ரயிலிறங்கிக் குதிரை வண்டியில் போகும்போது எங்கள் முடுக்கு வழியாக வண்டி போயிருக்கிறது. புறவாசல் சுவர் இடுப்புயரம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் என் கோட்டு குனிந்து நின்று எலுமிச்சைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கிறது. அதிகாரி வண்டியை நிறுத்தச் சொல்லி, "என்ன ஓய், நீர் கேம்ப்பில் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

கோட்டு திரும்பிப் பார்க்கவே இல்லை. இரண்டு தடவை இருமிவிட்டு, "இப்ப ஆபீஸ் நேரமில்ல. நாளைக்கு வாரும்" என்றதாம்.

மனுக் கொண்டு வருகிறவர்களிடம் நான் சொல்லுகிற வார்த்தை அதே மாதிரி, அதே இழுப்போடு! மூன்றாம் நாள் எனக்கு மெமோ வந்தது.  நாற்பது மைல் தள்ளிப் போய் அவர் முன்னால் நின்றேன்.

"அது நானில்லை சார். என் தோட்டக்காரர்."

"அந்தக் கோட்டு?"

"என்னுடையதுதான் சார்."

"அந்த இருமல்?"

"என்னுடையதுதான் சார்."

"அந்தத் திமிர்?"

"அதுவும் என்னுடையதுதான் சார். ஆனால் ஆள் நானில்லை."

அன்றைய தேதியில் என் கையெழுத்திலிருந்த அளவு நோட்டும், சங்கிலி இழுக்கிறவர்கள் சொன்ன சாட்சியும்தான் என்னைக் காப்பாற்றின. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலையைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார். கூடாரத்துக்குத் திரும்பியதும் வாத்தியார் மூலமாகக் கடுமையாக ஒரு கடிதம் போட்டேன். கோட்டைக் கழற்றி மடித்து வைக்கவும். இருமக் கூடாது. கத்தக் கூடாது. குளிக்கவே வேண்டாம். தண்ணீர் மட்டும் ஊற்றவும்.

'உத்தரவுப்படி கழற்றிவிட்டார். முகத்தில் அருள் இல்லை' என்று பதில் வந்தது. பத்து நாள் கழித்து: 'எலுமிச்சை இலை மஞ்சளித்து உதிர்கிறது. தினம் இரண்டு வேளை தண்ணீர் விடுகிறார், பயனில்லை.' அதற்கு அடுத்தது: 'இரண்டு நாளாக வாளி அண்ணாச்சியைக் காணவில்லை. வாளியும் இல்லை. நான் இரண்டு குடம் ஊற்றினேன். கன்றில் இனி உதிர இலை அதிகமில்லை. தங்கள் மனைவிக்கும் எழுதியிருக்கிறேன்.'

கடைசி வரிதான் என்னைக் கிளப்பியது. நாலு நாள் லீவு கெஞ்சி வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். பெட்ரோல் பஞ்சத்தில் அடுப்புக்கரியைப் போட்டு ஓட்டுகிற கரி பஸ். ஏற்றம் வந்த இடத்திலெல்லாம் ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ளினோம். தள்ளும்போதெல்லாம் அந்த மனுஷனைத் திட்டினேன். பயிரை நடுவெயிலில் விட்டுவிட்டு ஓடிப்போகிறவன் என்ன தோட்டக்காரன்? என்னென்ன கேட்கவேண்டும் என்று வரிசையாக மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன். கரிப் புகையில் என் முகமும் கறுத்துப்போயிருந்தது.

முடுக்கு முனையில் செண்பகத்தைப் பார்த்தேன். ரயிலில் வந்து இறங்கித் தனியாக நடந்து வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நடையை எட்டிப் போட்டாள்.   இரண்டு பேரும் சுவரோரமாக நடந்தோம்.

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தொண்டையைச் செருமினார்கள். என் இருமல் இல்லை. நீளமான, கரகரத்த செருமல்.

"ஏட்டி செம்பா! வெயிலு ஏறுதுல்லா, தலையில துணியப் போடுட்டி. சாப்பிட்டியா?"

செண்பகம் அப்படியே நின்றுவிட்டாள். கை சுவரைப் பிடித்துக்கொண்டது. "அப்பா" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். வாளி அண்ணாச்சி தலையில் துண்டை மண்டித் தரகர்கள் கட்டுகிற மாதிரி கட்டிக்கொண்டு கன்றுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் பதறி எழுந்து துண்டை அவிழ்த்தார்.

"எங்க போனீரு ரெண்டு நாளு?" என்றேன். அடுக்கி வைத்ததில் அந்த ஒன்றுதான் வாயில் வந்தது.

"புளியங்குடிக்குப் போனேன்யா. கோட்டக் கழட்டுன்னு எழுதிட்டீய. சரி, கழட்டிட்டேன். இலையெல்லாம் உதுந்து போச்சு. உக்காந்து யோசிச்சேன். அய்யா, நாம ஆரம்பத்துலயே தப்புப் பண்ணிட்டோம். இது உங்க கன்னே இல்ல. உங்க சத்தத்துக்கு இது எதுக்கு வளரணும்? வளத்தவுக வேற ஆளுல்லா? அதான் வாத்தியாரு வீட்டுல சொல்லி வச்சுட்டு நடந்துட்டேன். மண்டியில ஒவ்வொரு ஆளாக் கேட்டேன். மூட்டை தூக்குத ஒருத்தன் அவுக பேசுதாப்புலயே பேசிக் காட்டுனான். கன்னுக எல்லாத்தையும் அவுக மக பேரைச் சொல்லித்தான் கூப்புடுவாகளாம்."

 வாத்தியார் வீட்டில் சொல்லிவிட்டுப் போனது வாத்தியாருக்குத்தான் தெரியவில்லை போலிருக்கிறது. கன்றைப் பார்த்தேன். குச்சியாகத்தான் நின்றது. மேற்கு வெயில் படாமல் பனையோலைத் தட்டி ஒன்று கட்டியிருந்தது. அடியில் இரண்டு குருத்து, அரிசி அளவுக்கு, பச்சையாக. ஓலைத் தட்டியால் துளிர்த்ததா, வாத்தியாரின் இரண்டு குடத்தால் துளிர்த்ததா என்று நான் விசாரிக்கவில்லை. இதை மட்டும் ஏன் அளக்கவேண்டும்?

செண்பகம் மெள்ளக் கிட்டே வந்தாள். "அண்ணாச்சி, இன்னொரு மட்டம் அப்பா மாதிரிக் கூப்பிடுதீயளா?"

"ஆளு நின்னு பாத்தா வராதும்மா" என்று நெளிந்தார். அவள் போகவில்லை. கடைசியில் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, கன்றைப் பார்த்து உட்கார்ந்தார். செருமினார்.

"ஏட்டி செம்பா, சாப்பிட்டியா?"

"இன்னும் இல்லப்பா" என்றாள் செண்பகம். அப்பாவின் காரியம் முடிந்து ஆறு மாதத்தில் அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்துக்கொண்டேதான் அழுதாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "இவ்வளவு நேரம் சாப்பிடாம என்னட்டி செய்தே? ஒடம்பு என்னத்துக்கு ஆவும்?" என்று கன்றைக் கோபித்துக்கொண்டிருந்தார்.

நான் கதவைத் திறந்து அடுக்களைக்குள் போனேன். ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடந்த அடுப்பு. மூட்டையிலிருந்த கேம்ப் அரிசியைக் களைந்து மூன்று பேருக்கு உலை வைத்தேன். விறகு ஈரம், பிடிக்கவே மாட்டேனென்றது. என் மாமனார் மறுபடியும் ஒருதரம் கேட்பதற்குள் சோறு வெந்துவிட வேண்டுமே என்று கண்ணெல்லாம் எரிய ஊதிக்கொண்டிருந்தேன்.